15-0: கிளீவ்லேண்டின் வெற்றி வரிசையும் அது போய்ச் சேராத திரைகளும்

2024 நவம்பர் 19 இரவு பாஸ்டனில் கிளீவ்லேண்ட் கேவலியர்ஸ் கூடைப்பந்து அணி 117-120 என்று தோற்றது. அந்த சீசனில் அவர்களுக்கு அதுதான் முதல் தோல்வி. அதற்கு முன் ஆடிய 15 ஆட்டத்திலும் வெற்றி. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் வரலாற்றில் 15-0 என்று தொடங்கிய அணிகள் அதுவரை மூன்றே மூன்று: 1948-49 வாஷிங்டன் கேபிடல்ஸ், 1993-94 ஹூஸ்டன் ராக்கெட்ஸ், 24-0 வரை போன 2015-16 கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ்.

அந்தத் தோல்விக்கு ஐந்து நாள் முன்பு, நவம்பர் 14 அன்று, கேவலியர்ஸ் ஆட்டங்களை உள்ளூரில் ஒளிபரப்பும் சேனலின் தாய் நிறுவனமான டயமண்ட் ஸ்போர்ட்ஸ் குரூப் முன்வைத்த திவால் மீட்புத் திட்டத்துக்கு ஹூஸ்டன் நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்தது. தோல்விக்கு முந்தைய நாள், நவம்பர் 18 அன்று, என்.பி.ஏ.வும், டி.என்.டி. என்ற தேசிய சேனலின் உரிமையாளரான வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரியும் ஒளிபரப்பு உரிமை வழக்கைச் சமரசமாக முடித்துக்கொண்டதாக அறிவித்தன. களத்தில் ஓர் அணி அசுர வேகத்தில் ஜெயித்துக்கொண்டிருந்த அதே வாரத்தில், அந்த ஆட்டத்தை வீட்டுக்குக் கொண்டுவரும் இரண்டு பெரிய குழாய்களும் நீதிமன்றத்தில் பழுது பார்க்கப்பட்டுக்கொண்டிருந்தன. சீசன் தொடக்கத்தில் முளைக்கும் ஆச்சரியத்தைத் தொலைக்காட்சி வியாபாரம் ஏன் காசாக்க முடிவதில்லை என்பதைப் படிக்க இதைவிடத் தெளிவான நிகழ்வு சமீபத்தில் இல்லை.

ஆகஸ்டில் விற்ற சரக்கு

முதலில் அட்டவணை. 30 அணி, ஆளுக்கு 82 ஆட்டம், மொத்தம் 1,230. 2024-25க்கான பட்டியல் ஆகஸ்ட் 15 அன்று வெளியானது. ஒவ்வோர் அணிக்கும் 80 ஆட்டங்கள் அன்றே உறுதி. மீதி இரண்டு மட்டும், சீசனுக்கு நடுவே நடக்கும் என்.பி.ஏ. கோப்பையின் குழுச் சுற்று முடிந்த பிறகு நிரப்பப்படும். அரங்குகள் காலியாக உள்ள தேதி, பயண தூரம், அடுத்தடுத்த நாளில் ஆட்டம் விழும் எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் இடையில் தேசிய ஒளிபரப்பு நேரங்களையும் பொருத்தியாக வேண்டும். அந்த சீசனின் தொடக்க வாரங்களில் டி.என்.டி.க்குச் செவ்வாய், இ.எஸ்.பி.என்.னுக்குப் புதனும் வெள்ளியும். அந்த இரவுகளில் எந்த அணி என்று முடிவெடுப்பது ஜூலையில் வீரர்கள் அணி மாறி முடித்த சூட்டோடு. அப்போது கையில் இருப்பது போன வருடத்து முடிவுகளும், நட்சத்திரங்களின் பெயரும், யார் எங்கே புதிதாகச் சேர்ந்தார் என்ற செய்தியும்தான்.

அந்தக் கண்ணால் பார்த்தால் கிளீவ்லேண்டில் விற்க ஒன்றும் இல்லை. 2023-24இல் 48 வெற்றி, இரண்டாம் சுற்றில் பாஸ்டனிடம் 1-4. கோடையில் பெரிய பெயர் எதையும் வாங்கவில்லை. டோனவன் மிட்செல், டேரியஸ் கார்லண்ட், எவன் மோப்லி, ஜாரெட் ஆலன் என்று அதே நால்வர். மாறியது பயிற்சியாளர் மட்டும்: ஜே.பி. பிக்கர்ஸ்டாஃப் போய் கென்னி அட்கின்சன் வந்தார். பயிற்சியாளர் மாற்றத்தை நம்பி எந்தச் சேனலும் வெள்ளிக்கிழமை இரவைத் தூக்கிக் கொடுக்காது.

ஆனால் எல்லாமே அந்த மாற்றத்தில்தான் இருந்தது. முந்தைய வருடம் ஓர் ஆட்டத்துக்குச் சுமார் 35 நிமிடம் ஓடிய மிட்செலை அட்கின்சன் 31 நிமிடத்துக்குக் குறைத்தார். எதிரணி தவறவிட்ட பந்தைப் பிடித்தால் கார்லண்டைத் தேடிக் கொடுக்காமல் தானே எடுத்துக்கொண்டு ஓடும் உரிமையை உயரமான மோப்லிக்குக் கொடுத்தார். மோப்லி ஓடத் தொடங்கியதும் கார்லண்டும் மிட்செலும் பந்து இல்லாமல் மூன்று புள்ளிக் கோட்டின் ஓரங்களுக்குப் போய் நிற்பார்கள். எதிரணிக் காவலர்கள் பின்னோக்கி ஓடிக்கொண்டே யாரைத் தடுப்பது என்று தேர்ந்தெடுக்க வேண்டிவரும். தொடக்க வாரங்களில் அணி மூன்று புள்ளி ஷாட்டுகளில் 40 சதவீதத்துக்கு மேல் உள்ளே போட்டதற்கு இந்த வெற்றிடமே பெரிய காரணம். சதவீதம் பின்னால் இறங்கும் என்று எல்லாருக்கும் தெரியும், இறங்கவும் செய்தது. ஓட்டத்தின் அமைப்பு மட்டும் கடைசிவரை நின்றது: சீசன் முடிவில் தாக்குதல் செயல்திறனில் லீகிலேயே முதலிடம், 64-18 என்ற கணக்கு, அட்கின்சனுக்குச் சிறந்த பயிற்சியாளர் விருது, மோப்லிக்குச் சிறந்த தடுப்பாட்ட வீரர் விருது.

உள்ளே இருந்தே முளைக்கும் முன்னேற்றம் ஆகஸ்ட் அட்டவணையின் கண்ணில் படவே படாது. புதிதாக வாங்கிய நட்சத்திரம் படும்.

அதற்கும் அதே சீசன் சாட்சி. பிலடெல்பியா 76அர்ஸ் அந்தக் கோடையில் பால் ஜார்ஜை நான்கு வருடத்துக்கு 21.2 கோடி டாலருக்கு எடுத்தது. ஜோயல் எம்பீட், டைரீஸ் மாக்ஸி, ஜார்ஜ் என்ற மூவர் கூட்டணி தேசிய ஒளிபரப்புக்கு லட்டு மாதிரி. அக்டோபர் 23, முதல் ஆட்டம், மில்வாக்கி பக்ஸுக்கு எதிராக: எம்பீட் இல்லை, ஜார்ஜும் இல்லை, 109-124 தோல்வி. எம்பீடின் உடல்நிலை பற்றி முன்னுக்குப் பின் முரணாகப் பேசியதற்காக அணிக்கு லீக் 1 லட்சம் டாலர் அபராதம் போட்டது. முதல் 17 ஆட்டத்தில் 3 வெற்றி. சீசன் முடிவில் 24-58. அந்தத் தொடக்க ஆட்டத்தில் ஜெயித்த பக்ஸும் அடுத்த சில வாரத்தில் 2-8 என்று கிடந்தது.

இதனால் சேனலுக்கு என்ன நஷ்டம் என்பதை விளம்பரக் கணக்கில் பார்க்க வேண்டும். தேசிய விளம்பர நேரத்தின் பெரும்பகுதி சீசனுக்கு மாதங்கள் முன்பே, இத்தனை பேர் பார்ப்பார்கள் என்ற உத்தரவாதத்தோடு விற்றுவிடும். பார்த்தவர் எண்ணிக்கை உத்தரவாதத்துக்குக் கீழே போனால், விளம்பரதாரருக்குப் பின்னால் இலவசமாக நேரம் கொடுத்து ஈடுகட்ட வேண்டும். அந்த ஈட்டு நேரம், நல்ல விலைக்கு விற்றிருக்கக்கூடிய டிசம்பர் இரவுகளிலிருந்து எடுக்கப்படும். ஆகவே சொதப்பும் அணி தன் இரவோடு நிற்பதில்லை, அடுத்தவன் இரவையும் தின்றுவிடுகிறது. 2023 செப்டம்பரில் லீக் கொண்டுவந்த விதி, அதாவது கடந்த மூன்று சீசனில் ஆல்-ஸ்டார், ஆல்-என்.பி.ஏ. என்ற சிறந்த வீரர் பட்டியல்களில் ஒன்றுக்குத் தேர்வான வீரரைத் தேசிய ஒளிபரப்பு ஆட்டத்திலும் கோப்பை ஆட்டத்திலும் காரணமின்றி உட்கார வைக்கக் கூடாது என்பது, இந்தப் பயத்தின் எழுத்து வடிவம். முதல் மீறலுக்கு 1 லட்சம் டாலர், இரண்டாவதுக்கு 2.5 லட்சம். காயம்பட்ட முட்டிக்கு எந்த விதியும் செல்லாது என்பதை எம்பீடின் முட்டி காட்டியது.

உள்ளூர்க் குழாய்

தேசிய சேனல் எடுக்காத ஆட்டங்கள் அந்தந்த வட்டாரத்தின் விளையாட்டுச் சேனலுக்குப் போகும். வெற்றி வரிசை யாருக்கு உயிர் போன்றதோ அந்த உள்ளூர் ரசிகர் பார்ப்பது இதைத்தான். இந்தக் குழாயின் வரலாறு சுருக்கமாக இது. 21ஆம் செஞ்சுரி ஃபாக்ஸை டிஸ்னி வாங்கியபோது, போட்டி கெடும் என்று அமெரிக்க நீதித்துறை 22 வட்டாரச் சேனல்களை விற்கச் சொன்னது. 2019இல் சின்கிளேர் என்ற தொலைக்காட்சி நிறுவனம் அவற்றில் 21ஐ 1,060 கோடி டாலர் மதிப்பில், பெரும்பாலும் கடன் வாங்கி, எடுத்தது. 2021இல் பாலி ஸ்போர்ட்ஸ் என்று பெயர். 2023 பிப்ரவரியில் 14 கோடி டாலர் வட்டித் தவணை தவறியது. மார்ச் 14 அன்று, 800 கோடி டாலருக்கு மேல் கடனோடு, அவற்றை நடத்திய சின்கிளேரின் துணை நிறுவனமான டயமண்ட் திவால் மனு போட்டது.

கடன் மட்டும் காரணம் என்று சொன்னால் பாதிக் கதைதான். இந்தச் சேனல்களின் வருமானம் கேபிள் இணைப்பு வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிடமிருந்தும் மாதாமாதம் வரும் கட்டணம். அந்த வீட்டில் யாரும் ஓர் ஆட்டம்கூடப் பார்க்காவிட்டாலும் வரும். வீடுகள் கேபிளைத் துண்டிக்கத் தொடங்கியதும், பார்க்காதவர் கொடுத்த காசுதான் முதலில் போனது.

ஸ்ட்ரீமிங் விலை ஏன் அவ்வளவு உசரம் என்று கேட்பவர்களுக்கு ஒரு மாதிரிக் கணக்கு. ஒரு வட்டாரத்தில் 10 லட்சம் கேபிள் வீடு, வீட்டுக்கு மாதம் 5 டாலர் என்று வைத்துக்கொள்வோம்: 50 லட்சம் டாலர். பத்தில் ஒருவர்தான் உண்மையான ரசிகர் என்றால், அவர்களை மட்டும் நேரடிச் சந்தாதாரராக்கி அதே தொகையை எடுக்க வீட்டுக்கு 50 டாலர் வேண்டும். 20 டாலர் வைத்தால் கிடைப்பது 20 லட்சம். அதுவும் சீசன் நடக்கும் மாதங்களுக்கு மட்டும். ஏப்ரலில் பாதிப் பேர் ரத்து செய்துவிடுவார்கள். அணிக்குக் கொடுக்க வேண்டிய உரிமைத் தொகையோ பழைய 50 லட்சக் கணக்கில் எழுதிய ஒப்பந்தம். இந்த ஓட்டையை எந்த வெற்றி வரிசையும் அடைக்க முடியாது.

கேவலியர்ஸின் முதல் ஆட்டம் அக்டோபர் 23. அதற்கு இரண்டு நாள் முன்பு, அக்டோபர் 21 அன்று, பாலி ஸ்போர்ட்ஸ் என்ற பெயர் போய் ஃபேன்டூயல் ஸ்போர்ட்ஸ் நெட்வொர்க் என்று ஆனது. ரசிகர் புதுப் பெயரை மனப்பாடம் செய்வதற்குள் 3-0.

இப்போது நவம்பர் 2, சனிக்கிழமை இரவைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். மில்வாக்கியில் கடைசி நொடி ஷாட்டில் மிட்செல் 114-113 என்று முடித்த ஆட்டம். கிளீவ்லேண்டில், இணையவழித் தொலைக்காட்சிச் சேவையான யூடியூப் டிவி மட்டும் வைத்திருக்கும் ஒரு வீடு. 2020லேயே யூடியூப் டிவியும் ஹுலுவும் இந்த வட்டாரச் சேனல்களைக் கைவிட்டுவிட்டன. அங்கே தேடிப் பயனில்லை. சனிக்கிழமை என்பதால் இ.எஸ்.பி.என்., டி.என்.டி. வழக்கமான நேரமும் இல்லை. லீக்கின் சொந்த ஸ்ட்ரீமிங் சேவையான லீக் பாஸ் சந்தா இருந்தாலும், அந்த வீட்டின் இருப்பிடம் கேவலியர்ஸ் வட்டாரம் என்று தெரிந்ததும் ஆட்டம் தடைபடும். வெளியூர் அணிகளின் ஆட்டம் எல்லாம் ஓடும், சொந்த ஊர் அணி மட்டும் ஓடாது. மீதமிருக்கும் வழி: ஸ்பெக்ட்ரம் போன்ற கேபிள், டைரக்ட்டிவி, ஃபுபோ, அல்லது சேனலின் சொந்தச் செயலிக்கு மாதம் 19.99 டாலர். அமெரிக்காவுக்கு வெளியே பல நாடுகளில் லீக் பாஸ் வைத்திருப்பவருக்கு இந்தத் தடை கிடையாது. விடியற்காலை 5.30க்கு எழுந்து சென்னையில் பார்ப்பவருக்குக் கிடைக்கும் ஆட்டம், அரங்கத்திலிருந்து பத்து கிலோமீட்டரில் இருப்பவருக்குக் கிடைக்காது. உள்ளூர்ச் சேனலின் பிரத்தியேக உரிமைதான் அந்தக் கட்டணத்துக்கே அடிப்படை என்பதால் லீக்கால் இதைச் சும்மா நீக்கவும் முடியாது.

தடை எப்படி வேலை செய்கிறது என்பதும் முக்கியம். வீட்டு இணையத்தில் ஐ.பி. முகவரியை வைத்தும், கணக்கில் கொடுத்த அஞ்சல் குறியீட்டை வைத்தும், கைப்பேசியில் ஜி.பி.எஸ். வைத்தும் இருப்பிடம் பார்ப்பார்கள். மொபைல் டேட்டாவில் ஐ.பி. முகவரி வேறு ஊரின் பெயரில் பதிவாகியிருக்கும். பணம் கட்டிய ஆளுக்கே ‘உங்கள் பகுதியில் கிடைக்காது’ என்று வந்து நிற்கும். இருப்பிட அனுமதியைத் திறந்து, வீட்டு வைஃபையில் ஒருமுறை உள்நுழைந்தால் பெரும்பாலும் சரியாகும்.

இதைத் தாண்டினாலும் தாமதம் காத்திருக்கும். வீடியோ சில நொடித் துண்டுகளாக வெட்டி அனுப்பப்படுகிறது. துண்டு 6 நொடி, தொடங்குமுன் மூன்று துண்டைச் சேர்த்து வைக்கும் பிளேயர் என்றால் அங்கேயே 18 நொடி. குறியாக்கம், விநியோக சர்வர் எல்லாம் சேர்ந்தால் அரை நிமிடம் சாதாரணம். மிட்செலின் கையை விட்டுப் பந்து போகும்முன் நண்பரின் வாட்ஸப்பில் ‘ஜெயிச்சாச்சு’ வந்துவிடும். ஒஹையோவில் 2023 ஜனவரி 1 முதல் விளையாட்டுப் பந்தயம் சட்டபூர்வம். சேனலின் பெயரே ஒரு பந்தய நிறுவனத்தின் பெயர். ஆட்டத்தின் நடுவில் பந்தயம் வைக்க அழைக்கும் வியாபாரத்துக்கு அரை நிமிடத் தாமதம் சின்ன விஷயமல்ல. துண்டைச் சிறிதாக்கினால் தாமதம் குறையும். இணையம் லேசாகத் திணறினாலும் படம் உறையும். இரண்டும் ஒருசேரக் கிடைக்காது.

தனி ஆட்டத்தை 6.99 டாலருக்கு வாங்கிப் பார்க்கும் வசதியை இந்தச் சேனல்கள் டிசம்பர் 5 அன்று திறந்தன. ஒரு மாதச் சந்தா எடுக்கத் தயங்கி, ‘இந்த அணி என்னதான் செய்கிறது பார்ப்போம்’ என்று எட்டிப் பார்க்க நினைப்பவருக்கான சரியான வாசல் அது. அது திறந்தபோது வெற்றி வரிசை முடிந்து பதினாறு நாள் ஆகியிருந்தது. இந்த நிகழ்வில் தவிர்த்திருக்கக்கூடிய ஒரே தவறாக நாம் பார்ப்பது இது. தேசிய அட்டவணையை நவம்பரில் மாற்றுவது கஷ்டம், கடன் பழையது, கேபிள் தேய்வது யார் கையிலும் இல்லை. ஒற்றை ஆட்ட விற்பனை முதல் நாளிலிருந்தே இருந்திருக்கலாம்.

வேறு வழி எடுத்தவர்களும் இருந்தார்கள். 2023இல் ஃபீனிக்ஸ் சன்ஸ் வட்டாரச் சேனலை விட்டு, கிரே டெலிவிஷனின் ஆன்டெனா சேனல்களில் இலவசமாகவும் சொந்தச் செயலியிலும் ஆட்டத்தைக் கொடுத்தது. யூட்டா ஜாஸ் இலவச ஒளிபரப்போடு ஜாஸ்+ என்ற சேவையை மாதம் 15.50, சீசனுக்கு 125.50 டாலர் என்று தொடங்கியது. 2024இல் டல்லஸும் நியூ ஆர்லியன்ஸும் டயமண்டை விட்டு இலவசச் சேனல் பக்கம் போயின. உறுதியான உரிமைத் தொகை போய்விடும், விளம்பர விற்பனைத் தலைவலி அணியின் தலையில் ஏறும். பதிலுக்கு, அணி எதிர்பாராமல் ஜெயிக்கத் தொடங்கினால் அதைப் பார்க்க யாரும் எதையும் வாங்க வேண்டியதில்லை, கூடும் விளம்பர விலை நேராக அணிக்கே வரும். கிளீவ்லேண்ட் மாதிரி ஒரு நவம்பர் இப்படிப்பட்ட ஊரில் நடந்திருந்தால் கணக்கு வேறாக இருந்திருக்கும்.

மேலே நடந்த பேரம்

இதே மாதங்களில் தேசிய உரிமை கைமாறியது. 2016-17 முதல் ஒன்பது வருடத்துக்கு 2,400 கோடி டாலர் என்பது பழைய ஒப்பந்தம். 2024 ஜூலையில் கையெழுத்தானது 11 வருடத்துக்கு ஏறத்தாழ 7,600 கோடி: இ.எஸ்.பி.என்.னை வைத்திருக்கும் டிஸ்னி வருடத்துக்குச் சுமார் 260 கோடி, என்.பி.சி. யுனிவர்சல் 250 கோடி, அமேசான் 180 கோடி. 1980கள் முதல் கூடவே இருந்த, டி.என்.டி. உள்ளிட்ட டர்னர் சேனல்களுக்கு இடமில்லை. அவற்றின் உரிமையாளரான வார்னர், அமேசானின் விலையைத் தானும் தருவதாகச் சொன்னது. லீக் ஜூலை 24 அன்று மறுத்தது. இரண்டு நாளில் நியூயார்க்கில் வழக்கு. ஸ்ட்ரீமிங்குக்காக எழுதிய ஒப்பந்தத்தைக் கேபிள் சேனல் வைத்திருப்பவர் ‘சமன்’ செய்ய முடியுமா என்பதே சண்டை. ஆகஸ்டில் வார்னர் தன் சேனல்களின் மதிப்பில் 910 கோடி டாலரைக் கணக்கிலிருந்து குறைத்தது, என்.பி.ஏ. உரிமை நிச்சயமில்லாமல் போனதும் அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று.

எல்லா விளையாட்டையும் ஒரே செயலியில் சேர்க்கும் வேணு திட்டமும் அதே கோடையில் சிக்கியது. டிஸ்னி, ஃபாக்ஸ், வார்னர் சேர்ந்து மாதம் 42.99 டாலருக்குக் கொண்டுவர இருந்ததை, ஃபுபோ போட்ட வழக்கில் ஆகஸ்ட் 16 அன்று நீதிபதி நிறுத்திவைத்தார். 2025 ஜனவரி 6 அன்று ஃபுபோவுக்கு 22 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்தார்கள்; நான்கு நாள் கழித்துத் திட்டத்தையே கைவிட்டார்கள்.

2025-26இல் புது ஏற்பாடு ஓடத் தொடங்கியது. என்.பி.சி.க்கு 100 ஆட்டம் வரை, டிஸ்னிக்கு 80, அமேசானுக்கு 66. திங்கள்கிழமை ஆட்டங்கள் என்.பி.சி.யின் ஸ்ட்ரீமிங் சேவையான பீகாக்கில் மட்டும். தேசிய இரவுகள் கூடியதால் சின்ன ஊர் அணிகளுக்கும் இடம் கூடியது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ரசிகரின் பை அப்போது வேறு கணக்குச் சொன்னது. பீகாக் 10.99, இ.எஸ்.பி.என். தனிச் சேவை 29.99, பிரைம் வீடியோ மட்டும் 8.99, இதோடு கேவலியர்ஸ் ரசிகர் முந்தைய சீசனில் உள்ளூர்ச் செயலிக்குக் கொடுத்த 19.99ஐயும் சேர்த்தால் மாதம் 69.96 டாலர். அட்டவணை மட்டும் பழையபடி ஆகஸ்டிலேயே வந்தது.

2025 நவம்பரில், தொடர்ந்து 13ஆவது ஆட்டத்தை ஜெயித்து அணிச் சாதனையைச் சமன் செய்தது டெட்ராய்ட் பிஸ்டன்ஸ். இரண்டு வருடம் முன்பு ஒரே சீசனில் தொடர்ந்து 28 தோல்வி கண்டு 14-68 என்று முடித்த அதே அணி. பயிற்சியாளர், கிளீவ்லேண்ட் அனுப்பிவிட்ட ஜே.பி. பிக்கர்ஸ்டாஃப். உள்ளூர் ஒளிபரப்பு, ஃபேன்டூயல் ஸ்போர்ட்ஸ் நெட்வொர்க் டெட்ராய்ட். வரிசை முடிந்தது பாஸ்டனில், கிளீவ்லேண்டுக்கு நடந்த மாதிரியே மூன்று புள்ளி வித்தியாசத்தில், 114-117.